புவனகிரியில் ஜிம் வெச்சா ஓடுமா?

"டாக்டர், நம்ம ஊர்ல ஜிம் வெச்சா ஓடுமா?"

இந்த ரெண்டு மாசத்துல மூணு பேர் இதையே கேட்டுட்டாங்க. ஒருத்தர் சிங்கப்பூர்ல பத்து வருஷம் உழைச்சுட்டு ஊர் திரும்பினவர், கையில கொஞ்சம் சேமிப்பு இருக்கு. இன்னொருத்தர் உடற்கல்வி படிச்சு முடிச்ச தம்பி. மூணாவது ஆள் ஏற்கனவே ஜிம் நடத்துறவர். "இன்னும் ஆறு மாசம் பாப்பேன் சார், இல்லன்னா மெஷினை எடைக்குப் போட்டுட்டு வேற வேலை பாப்பேன்"னு சொல்லிட்டுப் போனார்.

மூணு பேருக்கும் தனித்தனியா சொன்னதை இங்க மொத்தமா எழுதுறேன். நீளமான இழை, பொறுமையா படிங்க.

கன்சல்டிங் ரூம்ல உக்காந்திருக்கிற ஆளுக்கு ஜிம் பிசினஸ் பத்தி என்ன தெரியும்னு கேப்பீங்க. நியாயமான கேள்வி. ஆனா ஒரு ஜிம்மோட வரவு செலவு நோட்டுல ஓட்டை விழுந்தா, அந்த ஓட்டை வழியா விழுறவங்க நேரா என் டேபிளுக்குத்தான் வர்றாங்க. மார்பு வீங்கின 21 வயசுப் பையன், பிபி 170ல நிக்கிற 26 வயசுப் பையன், கல்யாணமாகி மூணு வருஷமா குழந்தை இல்லாத 29 வயசு ஆள். மூணு பேரும் ஜிம்முல ஊசி போட்டவங்க. அந்த ஊசி ஏன் ஜிம்முக்குள்ள வந்துச்சுன்னு தோண்டிக்கிட்டே போனா, கடைசியில வாடகையும் இஎம்ஐயும்தான் கெடைக்குது. அதனாலதான் எனக்கு இந்தக் கணக்குல அக்கறை.

முதல்ல, ஆள் இருக்காங்களா?

தேசிய குடும்ப நல ஆய்வோட அஞ்சாவது சுற்று (2019-21) சொல்றது: தமிழ்நாட்டுல 15லிருந்து 49 வயசுக்குள்ள இருக்கிற பெண்கள்ல 40.4 சதவீதம் பேருக்கு உடல் எடை அளவுக்கு மேல. ஆண்கள்ல 37 சதவீதம். 2023ல வெளியான ஐசிஎம்ஆர் ஆய்வுப்படி நாட்டுல 10 கோடிப் பேருக்கு மேல சர்க்கரை நோய், இன்னும் 13.6 கோடிப் பேர் அதோட வாசப்படியில நிக்கிறாங்க. அதே ஆய்வுக் குழு 2014ல வெளியிட்ட கட்டுரையில, தமிழ்நாடு உட்பட நாலு பகுதிகள்ல கேட்டப்ப, ஓய்வு நேரத்துல உடற்பயிற்சின்னு ஏதாவது செய்றவங்க பத்து பேர்ல ஒருத்தர்கூட இல்ல.

தேவை கடல் மாதிரி இருக்கு. ஆனா அந்தத் தேவை உள்ளவங்க யார்னு பாருங்க. 38 வயசு அக்கா, 52 வயசு வாத்தியார், கடையில காலைல ஒன்பதுலேருந்து ராத்திரி ஒன்பது வரைக்கும் கல்லாவுல உக்காந்திருக்கிற அண்ணாச்சி. நம்ம ஊர் ஜிம் போர்டுல இருக்கிறது யாரு? எண்ணெய் தடவின உடம்போட முறைச்சுப் பாக்கிற ஒரு வெளிநாட்டு பாடிபில்டர். அந்த போர்டைப் பார்த்துட்டு அந்த அக்கா உள்ள வருவாங்களா?

இங்கதான் எல்லாரும் சறுக்குறாங்க. 18 முதல் 25 வயசுப் பையன்களுக்குன்னு ஜிம் வைக்கிறாங்க. அந்த வயசுல கையில காசு கிடையாது. பரீட்சை வந்தா வர மாட்டான், வேலை கெடைச்சா சென்னைக்கோ திருப்பூருக்கோ போயிடுவான், இல்ல வளைகுடாவுக்கு ஃப்ளைட் ஏறிடுவான். ஆறு மாசத்துக்கு மேல ஊர்ல தங்காத ஒரு வாடிக்கையாளரை நம்பி அஞ்சு வருஷக் கடன் வாங்குறோம்.

மெஷின் இருந்தா போதும், ஆள் தானா வரும்னு நினைக்கிறவங்களுக்கு ஒரு பழைய கதை. 2016ல ஜெயலலிதா சட்டமன்றத்துல 110வது விதியின் கீழ ஊராட்சிகள்ல 500 பூங்கா, 500 உடற்பயிற்சிக் கூடம்னு அறிவிச்சாங்க. ஒரு கூடத்துக்கு 10 லட்சம். நல்ல எண்ணம்தான், நான் குறை சொல்லல. கட்டடம் வந்துச்சு, மெஷின் வந்துச்சு. ஆனா காலைல கதவைத் திறக்க ஒரு ஆள், "முதுகை நேரா வைப்பா"ன்னு சொல்ல ஒரு ட்ரெயினர், அறுந்த கேபிளை மாத்த ஒரு தொகை, இதெல்லாம் வராத ஊர்கள்ல அந்தக் கூடம் பூட்டிக் கிடந்துச்சு, மெஷின் துரு பிடிச்சுது. வாடகை கிடையாது, இஎம்ஐ கிடையாது, கட்டணமும் கிடையாது. அப்பவும் ஓடல. ஜிம்ல ஓடுறது மெஷின் இல்லைங்கிறதுக்கு இதைவிட பெரிய பரிசோதனையை யாரும் செய்ய முடியாது.

சரி, கணக்குக்கு வருவோம். இது யாரோட நிஜக் கணக்கும் இல்ல. சின்ன ஊருக்கு ஏத்த மாதிரி நான் போட்டுப் பார்த்த மாதிரிக் கணக்கு. உங்க ஊர் வாடகையை வெச்சு நீங்க மாத்திப் போட்டுக்குங்க.

1500 சதுர அடி இடம். மெஷினுக்கு 8 லட்சம், தரை ரப்பர், கண்ணாடி, வயரிங்னு இரண்டரை லட்சம், அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். மொத்தம் 12 லட்சம். அதுல 8 லட்சம் கடன், 11 சதவீத வட்டி, அஞ்சு வருஷம். மாச இஎம்ஐ கிட்டத்தட்ட 17,400 ரூபாய். வாடகை 15,000. ஒரு முழுநேர ட்ரெயினர் 15,000, ஒரு பகுதிநேரப் பெண் ட்ரெயினர் 9,000. கரண்ட் பில் 7,000 (கடைக்கான கட்டணம், வீட்டுக்கான சலுகையெல்லாம் கிடையாது, ஞாபகம் வெச்சுக்குங்க). கூட்டிப் பெருக்க ஆள் 4,000, ரிப்பேர் 3,000, தண்ணி, இன்டர்நெட், இதர செலவு 2,600. கூட்டினா 73,000.

மாசச் சந்தா 800னு வெச்சா 92 பேர் கட்டணும். "92 பேர்தானே சார், பிடிச்சுடலாம்"னு அந்தத் தம்பி சொன்னான். நில்லுப்பா. இந்த 73,000ல உன் சாப்பாடு எங்க இருக்கு? காலைல அஞ்சு மணிக்குக் கதவைத் திறந்து ராத்திரி பத்து மணிக்குப் பூட்டுற உனக்கு 25,000 சம்பளம் வேணாமா? அப்புறம் தேய்மானம். 8 லட்ச ரூபாய் மெஷின் எட்டு வருஷம் ஓடுதுன்னு வெச்சாலும் வருஷத்துக்கு ஒரு லட்சம், மாசத்துக்கு 8,300 தனியா எடுத்து வைக்கணும். இதையும் சேர்த்தா 1,06,300. இப்ப 133 பேர் வேணும். 133 பேர் "சேரணும்"னு சொல்லல. மாசா மாசம் 133 பேர் கட்டணும்.

92க்கும் 133க்கும் நடுவுல இருக்கிற அந்த 41 பேர்லதான் சின்ன ஊர் ஜிம் எல்லாம் மாட்டிக்கிட்டு நிக்குது. கடன் அடையுது, வாடகை போகுது, பார்க்கிறவங்களுக்கு ஜிம் "நல்லா ஓடுது". ஓனருக்கு மட்டும் வீட்டுச் செலவுக்குக் காசு இல்ல. அஞ்சாவது வருஷம் கடன் முடியுற நேரத்துல ட்ரெட்மில் பெல்ட் போகும், மோட்டார் போகும். திரும்பவும் கடன்.

இன்னொரு எண் இருக்கு, அதை யாரும் எழுதி வைக்கிறதே இல்ல: மாசத்துக்கு எத்தனை பேர் நின்னு போறாங்க? நூத்துக்குப் பத்து பேர் நின்னா, 133ஐத் தக்க வைக்க மாசத்துக்கு 13 புது ஆள், வருஷத்துக்கு 160 புது ஆள் பிடிக்கணும். சென்னைன்னா சரி, கடல். புவனகிரி, கீரப்பாளையம், சுத்துக் கிராமங்களைச் சேர்த்தாலும் அஞ்சு வருஷத்துக்கு 800 புது முகத்துக்கு எங்க போவீங்க? நிக்கிறவங்களை அஞ்சு சதவீதமா குறைச்சா வருஷத்துக்கு 80 போதும். ஒரு ஆள் சராசரியா தங்குற காலம் பத்து மாசத்துலேருந்து இருபது மாசமா ஆகும். அவர் தர்ற காசு 8,000லேருந்து 16,000 ஆகும். ஒரு போஸ்டர்கூட ஒட்டாம வருமானம் ரெண்டு மடங்கு.

அதுக்கு என்ன பண்ணணும்? ஆறு நாள் ஆளைக் காணலன்னா போன் பண்ணுங்க. "என்னண்ணே, ஆளையே காணோம், உடம்பு சரியில்லையா?" அவ்வளவுதான். மெசேஜ் அனுப்பாதீங்க, பேசுங்க.

ஆனா உலகத்துல பெரிய ஜிம் கம்பெனிகள் நேர் எதிரா யோசிக்குது. 2006ல ரெண்டு பொருளாதார ஆய்வாளர்கள், டெல்லாவிக்னாவும் மால்மெண்டியரும், அமெரிக்க ஜிம்களோட வருகைப் பதிவை எடுத்து ஆராய்ஞ்சாங்க. மாசம் 70 டாலருக்கு மேல சந்தா கட்டினவங்க சராசரியா மாசத்துக்கு நாலு தடவைதான் வந்திருக்காங்க. ஒரு வருகைக்கு 17 டாலர் விழுது. பத்து டாலர் கொடுத்து அன்னன்னைக்கு வந்திருந்தாலே லாபம். கட்டுரையோட தலைப்பே "ஜிம்முக்குப் போகாமல் இருக்கப் பணம் கட்டுவது"ங்கிற அர்த்தத்துலதான் இருக்கும். பிளானட் ஃபிட்னஸ்னு ஒரு அமெரிக்க நிறுவனம், அப்ப மாசம் 10 டாலர். 2014ல அங்க ஒரு வானொலி நிகழ்ச்சியில சொன்ன கணக்கு: ஒரு கிளைக்குச் சராசரி 6,500 உறுப்பினர், ஆனா ஒரு ஜிம்முக்குள்ள நிக்க முடியுறது சுமார் 300 பேர். எல்லாரும் ஒரே நாள் வந்தா கதை முடிஞ்சுது. அவங்க வராம இருக்கிறதுதான் லாபம்.

இதைப் பார்த்துட்டு நம்ம ஊர்லயும் "வருஷ ஆஃபர் 4,999"னு ஜனவரியில ஃப்ளெக்ஸ் கட்டுறாங்க. பொங்கலுக்குள்ள 60 பேர் சேர்றாங்க. கையில மூணு லட்சம். உடனே புது மெஷின், புது லைட், ஒரு பைக்குக்கு முன்பணம். மார்ச் மாசம் அந்த 60ல 15 பேர்தான் வர்றாங்க, ஓனருக்கு சந்தோஷம். ஆகஸ்ட்ல வாடகைக்குக் காசு இல்ல, ஏன்னா டிசம்பர் வரைக்குமான காசை ஜனவரியிலேயே செலவு பண்ணியாச்சு. முன்கூட்டி வாங்கின வருஷ சந்தா வருமானம் கிடையாது, அது கடன். பன்னெண்டு மாசம் சேவை செஞ்சு அடைக்க வேண்டிய கடன். அதை ஒரு தனிக் கணக்குல போட்டு மாசத்துக்குப் பன்னெண்டுல ஒரு பங்கு மட்டும் எடுங்க. முடியலன்னா வருஷ சந்தா வாங்காதீங்க, மூணு மாசம் போதும்.

பெரிய கம்பெனியா இருந்தா தப்பிச்சுடலாம்னு நினைக்காதீங்க. தல்வால்கர்ஸ், 1932ல மும்பையில ஆரம்பிச்ச குடும்பம். 2010ல பங்குச் சந்தைக்கு வந்தாங்க. 2019ல, கணக்குப் புத்தகத்துல கோடிக்கணக்குல ரொக்கம் காட்டிக்கிட்டே கடன் பத்திரத்துக்கு வட்டி கட்ட முடியாம தவறினாங்க. அப்புறம் கிளைகள் ஒண்ணொண்ணா மூடின.

தவிர, வராத ஆளை வெச்சு லாபம் பாக்கிறது ஊர் பேர் தெரியாத பெரு நகரத்துல மட்டும்தான் நடக்கும். புவனகிரியில நடக்காது. காசு கட்டிட்டு வராத ஆளை நீங்க நாளைக்கு டீக்கடையில பாப்பீங்க, மறுநாள் பெட்ரோல் பங்குல பாப்பீங்க, அடுத்த வாரம் ஒரே கல்யாணப் பந்தியில பக்கத்து இலையில உக்காருவீங்க. "ஐயாயிரம் கட்டினேன், தண்டம்"னு அவர் சொல்றதை ஊரே கேக்கும். இங்க உங்க விளம்பரம் மெலிஞ்ச மனுஷங்கதான். "என்னக்கா, சர்க்கரை மாத்திரை பாதியா குறைஞ்சிடுச்சாமே?"ன்னு ரேஷன் கடை வரிசையில ஒருத்தங்க கேட்டா, அது பத்து ஃப்ளெக்ஸுக்குச் சமம்.

அந்த அக்காவை எப்படி உள்ள கொண்டு வர்றது? உங்க ஜிம்மோட நேரத்தைப் பாருங்க. காலை அஞ்சரைலேருந்து எட்டரை, சாயங்காலம் அஞ்சரைலேருந்து ஒன்பது. நடுவுல ஒன்பது மணி நேரம் ஈ ஓட்டுறீங்க. ஆனா வாடகை 24 மணி நேரத்துக்கும்தான் கொடுக்குறீங்க. புள்ளைங்களை ஸ்கூலுக்கு அனுப்பிட்டு, சமையல் முடிச்சு, பத்தரைக்கு மேல ரெண்டு மணி நேரம் அவங்களுக்குக் கெடைக்கும். அந்த நேரத்தை முழுக்கப் பெண்களுக்குன்னு ஒதுக்குங்க. பெண் ட்ரெயினர். தெருவைப் பாத்த கண்ணாடிக்கு ஒரு திரை. போன் கேமரா உள்ள வரக் கூடாது. சுடிதார் போட்டுட்டே பயிற்சி செய்யலாம்னு போர்டுலயே எழுதுங்க, அந்தத் தயக்கம் எவ்வளவு பெருசுன்னு ஆம்பளைங்களுக்குப் புரியாது. கழிப்பறை சுத்தமா இருக்கணும், தாழ்ப்பாள் வேலை செய்யணும். இதுக்கெல்லாம் சேர்த்து இருபதாயிரம்கூட ஆகாது. 40 பெண்கள் வந்தா அந்த 41 பேர் கணக்கு கிட்டத்தட்ட அங்கயே முடிஞ்சுது.

இன்னொரு விஷயம், இவங்க வேலைக்காக ஊர் மாற மாட்டாங்க. பலன் தெரிஞ்சுட்டா நிறுத்த மாட்டாங்க. தங்கச்சியையும் நாத்தனாரையும் கூட்டிட்டு வருவாங்க.

டாக்டரா இதுல எனக்குள்ள ஆர்வத்தையும் சொல்லிடுறேன். நாம சாப்பிட்ட பிறகு ரத்தத்துல ஏறுற சர்க்கரையை இழுத்துச் சேமிக்கிற பெரிய குடோன் தசைதான். நாப்பது வயசுக்கு மேல சும்மா இருந்தா அந்தக் குடோன் வருஷா வருஷம் சுருங்குது. சரக்கு அதே அளவு வருது, வைக்க இடம் இல்ல, ரோட்டுல நிக்குது. அதுதான் உங்க ரிப்போர்ட்ல தெரியுற எண். நடைப்பயிற்சி நல்லது, விடாதீங்க. ஆனா குடோனைப் பெருசாக்கணும்னா எடை தூக்கணும். உலக சுகாதார நிறுவனம் சொல்றதும் அதுதான்: வாரத்துக்கு 150 நிமிஷம் மிதமான உழைப்பு, கூடவே ரெண்டு நாளாவது தசைக்கான பயிற்சி. நடைக்கு ரோடு போதும். அந்த ரெண்டு நாளுக்கு ஜிம் வேணும். முட்டி வலின்னு வர்ற அம்மாக்கள்ல பாதிப் பேருக்கு நான் எழுத விரும்புற மருந்து தொடைத் தசைப் பயிற்சிதான். எழுதினா எங்க போய்ச் செய்வாங்க? ஊர்ல ஒரு நல்ல ஜிம் லாபத்துல ஓடணும்னு நான் ஆசைப்படுறதுக்கு அதுதான் காரணம்.

(ஒரு ஜிம் ஓனர் "நீங்க அனுப்புற ஆளுக்கு இவ்வளவுன்னு தந்துடுறேன் டாக்டர்"னு ஆரம்பிச்சார். வேணாங்க. கமிஷன் வாங்கினா நான் சொல்ற ஆலோசனையை என் நோயாளி ஏன் நம்பணும்? சட்டப்படியும் தப்பு. அந்தக் காசுல ஒரு பிபி மெஷின் வாங்கி வைங்கன்னு சொல்லி அனுப்பினேன்.)

நடுநேரத்துக்கு இன்னொரு கூட்டம் உண்டு. சீருடைப் பணியாளர் தேர்வுக்குத் தயாராகுற பிள்ளைங்க. கான்ஸ்டபிள் தேர்வுல ஆண்களுக்கு 1500 மீட்டரை ஏழு நிமிஷத்துல ஓடணும், அப்புறம் கயிறு ஏறணும், தாண்டணும். எழுத்துத் தேர்வுல பாஸ் பண்ணிட்டு இங்க கோட்டை விடுறவங்க நம்ம மாவட்டத்துல எத்தனை பேர்! அறிவிப்பு வந்ததும் மூணு மாச பேட்ச்னு தனியா வைங்க. ஓட்டத்துக்கு மைதானம், கயித்துக்கும் தோளுக்கும் ஜிம். ஒரே ஊர்ல நாலு பேர் செலக்ட் ஆனா அடுத்த பேட்ச் தானா நிறையும்.

இப்ப, நான் இந்த இழையை எழுத உக்காந்ததே இதுக்காகத்தான்: ட்ரெயினர் சம்பளம்.

பல ஜிம்கள்ல ட்ரெயினருக்கு மாசம் 7,000, 8,000. "மீதியை நீயே பாத்துக்கப்பா, பவுடர் வித்தா கமிஷன் எடுத்துக்க"ன்னு ஓனர் சொல்லிடுறார். அந்தத் தம்பிக்குக் கல்யாணம் ஆகியிருக்கும், ஒரு குழந்தை இருக்கும். 8,000ல என்ன ஆகும்? முதல்ல புரோட்டீன் டப்பா விக்கிறான். டப்பாவுல லாபம் குறைவு, ஆன்லைன்ல விலை எல்லாருக்கும் தெரியும். அடுத்து "மாஸ் கெய்னர்". அதுக்கப்புறம், மூணு மாசத்துல உடம்பு வரணும்னு துடிக்கிற ஒரு பையன் வர்றான். அவன்கிட்ட ஒரு ஊசி. அந்த ஊசியில டப்பாவைவிடப் பல மடங்கு லாபம், பில் கிடையாது. ஆக, ஓனர் சம்பளத்துல மிச்சம் பிடிச்ச ஏழாயிரம் ரூபாய் அந்தப் பையனோட விதைப்பையில இருந்து எடுக்கப்படுது. கடுமையா சொல்றேன்னு தோணலாம். எனக்கு வேற மாதிரி சொல்ல வரல.

வெளியிலேருந்து டெஸ்டோஸ்டிரோன் போகும்போது மூளையில இருக்கிற பிட்யூட்டரி சுரப்பி "சரக்கு நிறைய இருக்கு, ஃபேக்டரியை மூடு"ன்னு உத்தரவு போடுது. விதைகள் சுருங்கும், விந்தணு பூஜ்யம் வரைக்கும் போகும். நிறுத்தினாலும் திரும்பி வர மாசக்கணக்கு, சிலருக்கு வருஷக்கணக்கு. நல்ல கொழுப்பு விழும், இதயத் தசை தடிச்சுப் போகும், ரத்தம் உறையுற ஆபத்து கூடும். வாய் வழியா எடுக்கிற வகைன்னா கல்லீரலும் சேரும். ஒரே மருந்து பாட்டில்ல நாலு பேர் ஊசி குத்தினா ஹெபடைடிஸ் பி, சி, எச்ஐவி.

இப்ப புதுசா பரவுறது மெஃபென்டர்மின். முதுகுத்தண்டுல மயக்க ஊசி போட்டு ஆபரேஷன் செய்யும்போது பிபி திடீர்னு இறங்கினா, அதைத் தூக்கி நிறுத்த நாங்க தியேட்டர்ல போடுற மருந்து. அதை நல்ல பிபி உள்ள பையன் போட்டுட்டு பெஞ்ச் பிரஸ் தூக்குறான். பிபி எகிறும், இதயத் துடிப்பு தாறுமாறா ஓடும், தொடர்ந்து போட்டா அடிமையாவான். சிலருக்குச் சந்தேக நோய், மனப்பிறழ்வு வரைக்கும் போகுது.

பிசினஸா மட்டுமே பாருங்கன்னாலும் இது நஷ்டம். உரிமம் இல்லாம மருந்து விக்கிறது மருந்துகள் மற்றும் அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி மூணுலேருந்து அஞ்சு வருஷம் வரைக்கும் சிறை, குறைஞ்சது ஒரு லட்சம் அபராதம். அதைவிட, ஊசி போட்ட பையன் எத்தனை மாசம் உங்க உறுப்பினரா இருப்பான்? ஆறு? எட்டு? அப்புறம் முகப்பரு, சோர்வு, ஆண்மைக் குறைவுன்னு நின்னுடுவான். அவன் அம்மா தெருவுல யார்கிட்ட என்ன சொல்வாங்க? உங்க பத்தரை மணி அக்காக்கள் பேட்ச் அன்னைக்கே காலி. நான் மேல போட்ட கணக்குல ட்ரெயினருக்கு 15,000 வெச்சிருக்கேனே, அதை யாரும் குறைக்காதீங்க. வாடகையில பேரம் பேசுங்க, மெஷின் ரெண்டு கம்மியா வாங்குங்க. அங்க கை வைக்காதீங்க.

புரோட்டீன் பவுடர் விஷம்னு நான் சொல்லல. பாலிலேருந்து எடுக்கிற வே புரோட்டீன் ஒரு உணவுதான். பிரச்சனை டப்பாவுக்குள்ள என்ன இருக்குங்கிறதுதான். கேரளாவின் கல்லீரல் மருத்துவர் சிரியாக் ஆபி ஃபிலிப்ஸ் குழு 2024ல 36 பிராண்டுகளைப் பரிசோதிச்சு வெளியிட்டாங்க. சுமார் 70 சதவீத டப்பாக்கள்ல லேபிள்ல போட்ட புரோட்டீன் அளவு சரியில்ல. 14 சதவீதத்துல பூஞ்சை நச்சு. ஒரு முட்டையில 6 கிராம் புரோட்டீன். கொண்டைக்கடலை, பச்சைப்பயறு, மீன், நம்ம பரங்கிப்பேட்டைப் பக்கம் கெடைக்காத மீனா? ஜிம் வாசல்ல காலைல அவிச்ச முட்டையும் சுண்டலும் விக்க ஒரு அக்காவுக்கு இடம் கொடுங்க. அதுல உங்களுக்கும் ஒரு சின்ன வருமானம், எவனுக்கும் கல்லீரல் போகாது.

இதயம். கன்னட நடிகர் புனீத் ராஜ்குமார் 2021 அக்டோபர் 29 அன்னைக்குப் போனதுக்கு அப்புறம் "ஜிம் போனா ஹார்ட் அட்டாக்"னு ஒரு பயம் பரவிடுச்சு. உடற்பயிற்சி இதயத்துக்கு நல்லதுதான், அதுல சந்தேகமே இல்ல. ஏற்கனவே அடைப்பு இருந்து தெரியாதவங்க, ஊசி போட்டவங்க, நேத்து வரைக்கும் சோபாவுல இருந்துட்டு இன்னைக்கு வெறியா தூக்குறவங்க, இவங்களுக்குத்தான் ஆபத்து. அதனால சேரும்போது ஒரு பக்கத் தாள் வைங்க, தமிழ்ல. நெஞ்சு வலி உண்டா, மயங்கி விழுந்தது உண்டா, சர்க்கரை, பிபி உண்டா, என்ன மாத்திரை, வீட்டுல யாராவது சின்ன வயசுல திடீர்னு இறந்தது உண்டா, எலும்பு மூட்டுப் பிரச்சனை உண்டா, கர்ப்பமா. எதுக்காவது "ஆமா"ன்னா டாக்டரைப் பாத்துட்டு வரச் சொல்லுங்க. எல்லாருக்கும் பிபி பாருங்க, 2,000 ரூபாய் மெஷின்ல முடியும். உங்க ட்ரெயினருக்கும் உங்களுக்கும் நெஞ்சழுத்த முதலுதவி தெரிஞ்சிருக்கணும். 108க்குப் போன் போட்டு, வெள்ளாத்துப் பாலம் தாண்டி சிதம்பரம் கொண்டு போறதுக்குள்ள, அழுத்துற கை இல்லன்னா ஆள் பிழைக்க மாட்டார்.

மத்ததெல்லாம் சுருக்கமா. கடன் வாங்குறதுக்கு முன்னாடி மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்க. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கத் திட்டத்துல சேவைத் தொழிலுக்கு 20 லட்சம் வரைக்கும் திட்ட மதிப்பு, இடத்தையும் பிரிவையும் பொறுத்து 15லிருந்து 35 சதவீதம் மானியம். ஆனா புது யூனிட்டுக்குத்தான். ஜிம்மைத் திறந்துட்டு அப்புறம் போய் நின்னா கெடைக்காது. வருஷ வரவு 20 லட்சத்துக்குக் கீழ இருந்தா ஜிஎஸ்டி பதிவு கட்டாயம் இல்ல. 800 ரூபாய் சந்தாவுல 208 பேர் வரைக்கும் அந்தக் கோட்டுக்குள்ளதான். தாண்டினாலும் 2025 செப்டம்பர் 22லிருந்து ஜிம்முக்கு வரி 18லிருந்து 5 சதவீதமா குறைஞ்சாச்சு. என்ன, மெஷின் வாங்கும்போது கட்டின வரியைக் கழிச்சுக்க முடியாது.

இடம் பார்க்கும்போது மழையை நினைச்சுப் பாருங்க. 2015 நவம்பர் நம்ம மாவட்டத்துல யாருக்கும் மறக்காது. தாழ்வான கடையில ட்ரெட்மில்லை இறக்கினா ஒரே ராத்திரியில மோட்டார் போயிடும். மாடிக்குப் போனா தளம் எடை தாங்குமான்னு என்ஜினியரைக் கேக்கணும், முட்டி வலி அம்மா படி ஏறணும். ரோட்டை விட மூணடி உயர்ந்த தரைத்தளம் கெடைச்சா ரெண்டாயிரம் வாடகை கூட இருந்தாலும் எடுங்க. ஐப்பசி, கார்த்திகையில வரவு விழும், அது இயல்பு. அதுக்கும் சேர்த்து மூணு மாசச் செலவு பேங்க்ல இருக்கணும். 2020 மார்ச்ல மூடின ஜிம் தமிழ்நாட்டுல ஆகஸ்ட் 10க்குத்தான் திறந்துச்சு. இஎம்ஐயைத் தள்ளி வெச்சாங்களே தவிர வட்டி நிக்கல. அந்த மூணு மாசக் காசு இல்லாத பல பேர் அதோட மூடினாங்க.

பக்கத்துல ஒருத்தன் 500 ரூபாய்க்கு ஜிம் திறந்தா நீங்க 450க்கு இறங்காதீங்க. 450ன்னா 133 இல்ல, 237 பேர் வேணும். அந்த 1500 சதுர அடியில எங்க நிப்பாங்க?

ஆறு மாசம் பாப்பேன்னு சொன்ன அந்த ஓனர்கிட்ட இவ்வளவும் சொன்னேன். பத்தரை மணி பேட்சுக்கு அவர் மனைவியே பயிற்சி எடுத்துட்டு வர்றேன்னு சொல்லியிருக்காங்களாம். பாப்போம்.

கடைசியா, இதைப் படிக்கிற தம்பிகள்ல யாராவது இப்ப ஊசி போட்டுட்டு இருந்தா: நீங்களா டோஸைக் கூட்டிக் குறைச்சு விளையாடாதீங்க, கடையில இன்னொரு மாத்திரை வாங்கி "பேலன்ஸ்" பண்ணாதீங்க. நிறுத்தினதும் சில வாரம் சோர்வு, மன அழுத்தம் வரலாம். அந்த நேரத்துல தனியா இருக்காதீங்க. எந்த ஊசி, எத்தனை வாரம், இதை ஒரு தாள்ல எழுதிக்கிட்டு ஒரு டாக்டரைப் பாருங்க. ஹார்மோன், கொழுப்பு, கல்லீரல், ஈசிஜி, தேவைப்பட்டா எக்கோ, மஞ்சள் காமாலைக் கிருமிக்கும் எச்ஐவிக்கும் ஒரு டெஸ்ட். நாங்க திட்ட மாட்டோம், வீட்டுல சொல்ல மாட்டோம். அரசு ஆஸ்பத்திரியிலயே பாக்கலாம். காலைல வெறும் வயித்துல வாங்க, ரத்தம் எடுக்க வசதியா இருக்கும்.